தீத்துவின் வருகை: கவலை, வேதம், சேலம் – நாமக்கல் சபைகள்

சேலம், நாமக்கல் வட்டாரத்துச் சபைகளில் ஆராதனை முடியும் தறுவாயில் ஜெபக் குறிப்புகளை வாசிப்பார்கள். சிலர் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள், சிலர் பாஸ்டரின் அருகே வந்து மெல்லச் சொல்வார்கள். வேலைக்காக, கல்யாணத்துக்காக, குழந்தைப் பேற்றுக்காக என்று பட்டியல் போகும். நடுநடுவே வேறொரு வகைக் குறிப்பும் வரும். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. லாரி லைனுக்குப் போன மகன் போனை எடுக்கவில்லை. குழுக் கடன் தவணை நாள் நெருங்குகிறது. எல்லா டெஸ்டும் எடுத்தாகிவிட்டது, ஒன்றும் இல்லை என்கிறார்கள், ஆனாலும் மூச்சு அடைக்கிறது. இப்படிக் குறிப்புக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஆண்களுக்காக அவர்களுடைய மனைவியோ தாயோ கொடுக்கிறார்கள்.

விசுவாசம் கவலையை வெல்லும் என்று எல்லாச் சபைகளிலும் பிரசங்கிக்கப்படுகிறது. எப்படி வெல்லும், எந்த இடத்தில் அது தடுமாறும், எப்போது அதே விசுவாசம் கவலையைக் கூட்டிவிடும் என்ற கேள்விகளை அவ்வளவாக யாரும் எடுத்துப் பேசுவதில்லை. இந்தக் கேள்விகளை வேத வசனம், இந்த மண்ணின் சபை வரலாறு, மருத்துவ ஆய்வு ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நான் வந்து சேர்ந்திருக்கும் இடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேதம் கவலைக்குத் தருகிற ஆறுதல் பெரும்பாலும் ஓர் ஆள் வழியாகவே வந்து சேருகிறது. ஆளை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் அனுப்பும்போதுதான் அது பலருக்குப் பாரமாகிவிடுகிறது.

முதலில் இந்தச் சமவெளியின் பயங்கள். இங்கே பிழைப்பு பெரும்பாலும் நம் கையில் இல்லாத ஒன்றைச் சார்ந்தே நடக்கிறது. நாமக்கல்லில் லாரி வாங்கியவருக்கு டீசல் விலையும் வாடகையும் டயரும் ஃபைனான்ஸ் தவணையும் ஒன்றோடொன்று இழுபடும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி வட இந்தியாவில் எங்கோ ஒரு பாறையில் துளையிட்டுக்கொண்டிருக்க, அதில் போனவரின் குடும்பம் இங்கே போனைப் பார்த்துக்கொண்டிருக்கும். 2006 பிப்ரவரியில் பறவைக் காய்ச்சல் வந்தது மகாராஷ்டிர மாநிலம் நவாப்பூரில். முட்டையும் கோழியும் விலை போகாமல் தவித்ததோ நாமக்கல் பண்ணைக்காரர்கள். பள்ளிபாளையம், குமாரபாளையம் தறிக்காரர்கள் பலர் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அடையும்வரை பட்டறையை விட்டு நகர முடியாது. ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி போட்டவர் சேகோ ஆலைக்காரர் சொல்லும் விலைக்காகக் காத்திருக்கிறார். நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் பல மாவட்டத்துப் பிள்ளைகள் விடிவதற்கு முன்பே எழுந்து படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுடைய பயம் தமிழ்நாடு முழுவதன் பயம்.

நாடு முழுவதற்குமான அளவும் தெரிந்ததுதான். 2017ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து 2020இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 4.49 கோடிப் பேருக்குப் பதற்றக் கோளாறும் 4.57 கோடிப் பேருக்கு மனச்சோர்வு நோயும் இருப்பதாகக் கணித்தது. தென் மாநிலங்களில் இவ்விரண்டும் அதிகம் என்றும் சொன்னது. 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் பெறாமலே இருக்கிறார்கள். சிகிச்சைக்குப் போகாதவர்கள் சும்மா இருப்பதில்லை. கோயிலுக்கோ தர்காவுக்கோ ஜெப வீட்டுக்கோ போகிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி சேலம், நாமக்கல் மாவட்டங்களில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. ஆனால் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் ஞானஸ்நானம் பெறாதவர்களும் உண்டு. எந்தச் சாமியிடமாவது இந்தப் படபடப்பு நிற்குமா என்று வந்தவர்கள் அவர்கள். அதனால் இது சிறுபான்மைச் சபைகளின் வீட்டு விஷயம் மட்டுமில்லை.

கவலை பற்றி எல்லோரும் எடுக்கும் வசனப் பகுதி மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் பிற்பகுதி. பறவைகளையும் காட்டுப் பூக்களையும் காட்டி, உணவுக்காகவும் உடைக்காகவும் கவலைப்பட வேண்டாம் என்று இயேசு சொல்லும் இடம். நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர்களுக்குச் சொன்ன அறிவுரையாக இதை வாசித்தால் தவறிவிடுவோம். கேட்டவர்கள் கலிலேயாவின் ஏழைக் குடியானவர்கள், மீனவர்கள், அன்றாடக் கூலிகள். ரோமருக்கும் ஏரோது வம்சத்துக்கும் வரி கட்டியவர்கள். அதே அதிகாரத்தின் முன்பகுதியில் அன்றன்றைக்கு வேண்டிய அப்பத்தைக் கேட்கும் ஜெபம் இருக்கிறது. அப்பம் கிடைக்காமலும் போகலாம் என்று தெரிந்தவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள். பகுதி முடிகிற இடத்தில் இயேசு, ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் பாடு உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். பாடே வராது என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இந்த வசனங்கள் நம் மாவட்டத்தில் எப்படிப்பட்ட காலத்தில் வாசிக்கப்பட்டன என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லண்டன் மிஷனரி சங்கத்தின் ஹென்றி கிரிஸ்ப் சேலத்துக்கு வந்தது 1827இல். நான்கே ஆண்டுகளில், 1831இல் இறந்துபோனார். 1840இல் வந்த ஜெர்மானியர் லெக்லர் தச்சும் கொல்லும் கற்றுத்தரும் தொழிற்பள்ளி நடத்தினார். வேத பாடத்தோடு கைத்தொழிலும் வேண்டும் என்று அவர் கண்டது, பட்டினியின் பயத்தை அறிந்தவர் கண்டது என்றே நினைக்கிறேன். அதற்குப் பின் 1876–78 தாது வருஷப் பஞ்சம் வந்தது. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கியது. 1871 குடிமதிப்பில் ஏறத்தாழ 19.7 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1881இல் 16 லட்சத்துக்கு இறங்கியது. அப்படியொரு ஊரில் ஒருவர் எழுந்து நின்று நாளைக்காகக் கவலைப்படாதே என்று வாசித்திருந்தால், வாசித்த கையில் கஞ்சிப் பானையும் இருந்தால்தான் கேட்டவர் காதில் அது ஏறியிருக்கும்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரம் அடுத்தது. எதற்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் நன்றியோடு ஜெபத்தில் தேவனுக்குச் சொல்லுங்கள், அப்போது அவருடைய சமாதானம் உங்கள் இருதயத்துக்குக் காவல் நிற்கும் என்ற கருத்துள்ள வசனங்கள். நாட்காட்டியிலும் வாகனக் கண்ணாடியிலும் இவை தனியாக நிற்கின்றன. நிருபத்தில் தனியாக இல்லை. எழுதியவர் காவலில் இருக்கிறார். சற்று முன்பு எயோதியாள், சிந்திகேயாள் என்ற இரண்டு பெண்களின் மனத்தாங்கலைத் தீர்த்துவைக்க உதவும்படி சபையிலுள்ள ஓர் உத்தம கூட்டாளியைக் கேட்கிறார். சற்றுப் பின்பு, தன் உபத்திரவத்தில் பங்கெடுத்துப் பணம் அனுப்பிய அதே சபைக்கு நன்றி சொல்கிறார். இரண்டாம் அதிகாரத்தில் எப்பாப்பிரோதீத்து என்ற தோழர் சாவின் விளிம்புவரை போய்ப் பிழைத்ததைச் சொல்லி, அவர் இறந்திருந்தால் தனக்குத் துக்கத்தின்மேல் துக்கம் வந்திருக்கும் என்றும், அவரைத் திருப்பி அனுப்பினால் தன் மனப்பாரமும் குறையும் என்றும் எழுதுகிறார். கவலைப்படாதீர்கள் என்று எழுதிய அதே கை, தன் கவலையை ஒளிக்காமல் அதே காகிதத்தில் எழுதியிருக்கிறது. வேறொரு நிருபத்தில் (2 கொரிந்தியர் 11), எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை தினமும் தன்னை அழுத்துகிறது என்றே சொல்கிறார். கவலைப்படுவதே பாவம் என்று பிரசங்கிப்பவர்கள் பவுலையும் பாவிகள் வரிசையில் நிறுத்த வேண்டிவரும்.

என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி 2 கொரிந்தியர் 7ஆம் அதிகாரம். மக்கெதோனியாவுக்கு வந்தபோது உடலுக்கு ஓய்வே இல்லை, வெளியே சண்டை, உள்ளே பயம் என்று பவுல் எழுதுகிறார். ஒடுங்கிப்போனவர்களுக்கு ஆறுதல் தரும் தேவன் தனக்கும் ஆறுதல் தந்தார் என்கிறார். எப்படி? தரிசனம் எதுவும் இல்லை, வானத்துச் சத்தமும் இல்லை. தீத்து வந்தார். எதிர்பார்த்திருந்த சிநேகிதன் வழி நடந்து வந்து சேர்ந்தான், ஊர்ச் செய்தி சொன்னான். அப்போஸ்தலனுக்கே தேவ ஆறுதல் ஓர் ஆள் வந்ததால் கிடைத்தது என்றால், பள்ளிபாளையத்துத் தறிக்காரருக்கு அதைவிட வேறு விதமாகக் கிடைக்க வேண்டும் என்று நாம் ஏன் எதிர்பார்க்கிறோம்?

பழைய ஏற்பாட்டில் எலியாவின் கதையும் இதே வழியில்தான் போகிறது (1 இராஜாக்கள் 19). யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிய தீர்க்கதரிசி ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று வேண்டுகிறார். முந்தைய அதிகாரத்தில்தான் கர்மேல் மலையில் வானத்திலிருந்து நெருப்பு இறங்கக் கண்டவர். அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. தட்டி எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் தருகிறான். அவர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறார், தூதன் தூங்க விடுகிறான். இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான், வழி தூரம் என்பதால். கேள்வியும் மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். கடைசியில் எலிசா என்ற துணை கிடைக்கிறார். சாப்பாடு, தூக்கம், நடை, பேச்சு, துணை என்ற இந்த வரிசையை இன்றைய மனநல மருத்துவர் யாரும் மறுக்கமாட்டார்.

சங்கீதங்களில் (கத்தோலிக்கர் வழக்கில் திருப்பாடல்களில்) மிகப் பெரிய தொகுதி புலம்பல்களே. எதுவரைக்கும் என்று கேட்பவை, ஏன் கைவிட்டீர் என்று கேட்பவை. 88ஆம் சங்கீதம் விடியாமலே, இருட்டிலேயே முடிகிறது. அதை நீக்காமல் ஜெபப் புத்தகத்தில் வைத்திருந்தவர்களின் நேர்மையை நினைத்தால் எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் ஆராதனைகளில் சாட்சி சொல்ல வருகிறவர் விடுதலை கிடைத்த பிறகுதான் மைக்குக்கு வருகிறார். விடுதலை இன்னும் கிடைக்காதவருக்கு மைக் இல்லை. கெத்செமனேயில் இயேசுவே வியாகுலப்பட்டு, மூன்று சிநேகிதர்களைக் கூட விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். தேவகுமாரனே துணை கேட்ட அந்த இரவை வாசித்த பிறகு, பயப்படுகிறவரைப் பார்த்து உனக்கு விசுவாசம் போதாது என்று சொல்ல நாக்கு எப்படி எழும்?

இதே மண்ணில் நடந்த ஒரு வாழ்க்கையை இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சேந்தமங்கலத்திலிருந்து பார்த்தால் கண்ணெதிரே நிற்பது கொல்லிமலை. இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி ஈவ்லினும் 1913இல் கல்யாணமானதும் அந்த மலையில் போய்க் குடியேறினார்கள். மலேரியாவுக்குப் பேர்போன மலை அது. கீழ்நாட்டார் அங்கே இரவு தங்கவே அஞ்சுவார்கள். ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், நரம்புச் சிலந்தியைத் தோலிலிருந்து இழுத்தெடுத்தார், மலைவாழ் மக்களுக்குத் தச்சும் நெசவும் கற்றுக்கொடுத்தார். பல ஆண்டுகள் ஒருவரும் கிறிஸ்தவராகவில்லை. 1929இல் மலேரியாவோடு சேர்ந்து வரும் கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். அப்போது பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள்.

ஈவ்லின் உடைந்துபோனார். பிறகு வருடங்கள் போய், ஓய்வு பெறும் வயது வந்தபோது, மிஷன் ஊருக்குத் திரும்பச் சொல்லியும் கேட்காமல் தன் பொறுப்பிலேயே மலைக்குத் திரும்பினார். 'பிராண்ட் பாட்டி' என்று பேர் வாங்கி, 95ஆம் வயதில் 1974இல் இறக்கும்வரை மலை மலையாக மட்டக்குதிரை மேல் அலைந்தார். பயமே இல்லாதவர் என்று அவரைப் புகழ்வது எளிது. கணவனைத் தின்ற காய்ச்சல் இருக்கும் மலைக்கு மருந்துப் பையோடு திரும்பிப் போனவருக்குப் பயம் தெரியாமல் இருந்திருக்க முடியாது. அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டே அவரால் நடக்க முடிந்தது. விசுவாசம் அவருக்குச் செய்தது இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்து, சிறுவயதில் அந்தக் கொல்லிமலையிலேயே வளர்ந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றி, தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர். தொழுநோயில் விரலும் பாதமும் சிதைவதற்குப் பெரிய காரணம் வலி தெரியாமல் போவதே என்பதை அவர் நிலைநாட்டினார். வலி தெரியாததால் நோயாளி சூட்டையும் முள்ளையும் உணராமல் புண்ணாக்கிக்கொள்கிறார். வலி ஒரு காவல் என்று பிற்காலத்தில் நூலாகவே எழுதினார். பயத்தையும் இப்படிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. லாரி ஓட்டுநருக்குக் கண் செருகும்போது வரும் பயம் அவர் உயிரைக் காக்கும். கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வரும் தயக்கம் வீட்டைக் காக்கும். காவலாக வந்தது ஆபத்து போன பிறகும் போகாமல், வாரக்கணக்கில் தூக்கத்தையும் பசியையும் எடுத்துக்கொண்டு, காரணமே இல்லாமல் நெஞ்சைப் பிடித்தால் அதுதான் நோய். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காத பிரசங்கம், காவலையும் பாவம் என்கிறது, நோயையும் பாவம் என்கிறது.

கவலையைக் கூட்டும் விசுவாசம் பற்றியும் பேசியாக வேண்டும். அமெரிக்காவில் கென்னத் பார்கமென்ட், ஹெரால்ட் கோனிக் முதலானோர் மருத்துவமனையில் இருந்த 596 வயதான நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2001இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தேவன் என்னைக் கைவிட்டார், என்னைத் தண்டிக்கிறார், இது பிசாசின் வேலை என்ற எண்ணங்களோடு போராடிக்கொண்டிருந்தவர்கள், மற்றவர்களைவிட அதிகமாக இறந்துபோனார்கள். விசுவாசம் இருந்தும் அது அவர்களுக்கு எதிராகவே திரும்பிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு நம் ஊர்ப் பேச்சுகள்தான் காதில் ஒலித்தன. முன்னோர் சாபம் என்பார்கள். வீட்டில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள் என்பார்கள். தசமபாகம் கொடுக்காததால் வந்தது என்பார்கள். ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருப்பவர் கையில் இன்னொரு பயத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள்.

புத்தாண்டு நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் சபைகளில் எல்லோரும் விரும்பும் வழக்கம். எனக்கும் பிடித்த வழக்கம்தான். வருஷம் முழுக்கப் பர்ஸிலும் பூஜையறை இல்லாத வீட்டின் சுவரிலும் அந்த ஒரு வசனம் கூட இருப்பதில் பெரிய தைரியம் உண்டு. ஆனால் அட்டையில் ஜெயம் என்று வந்த வருஷத்தில் வண்டியை ஃபைனான்ஸ்காரர் எடுத்துக்கொண்டு போனால், அந்த வீட்டில் இரண்டு இழப்பு. வண்டியும் போயிற்று, தேவனுக்கும் நமக்கும் நடுவே ஏதோ சரியில்லை என்ற சந்தேகமும் வந்தது. தேர்வுக் காலத்தில் பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் பலிபீடத்தின் முன் வைத்து ஜெபிப்பதும் அப்படியே. பிள்ளையின் தலையில் கை வைத்து, எத்தனை மார்க் வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, கர்த்தருடைய பிள்ளை என்று சொன்னால் அது ஜெபம். மாவட்டத்தில் முதலாவதாக வருவாய் என்று அறிக்கையிட்டால், விடுதிப் பள்ளிக்காரர் ஏற்றிய பாரத்தின்மேல் தேவனுடைய பெயரிலும் ஒரு பாரம் ஏறுகிறது. 2006இல் இதய அறுவை சிகிச்சைக்குப் போன 1,802 பேரிடம் நடந்த புகழ்பெற்ற ஜெப ஆய்வில், உங்களுக்காக நிச்சயம் ஜெபிக்கிறார்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கே சிக்கல்கள் சற்று அதிகமாக, நூற்றுக்கு 59 பேருக்கு, வந்தன. ஜெபிக்கப்படுகிறதா இல்லையா என்று தெரியாமல் ஜெபம் பெற்றவர்களில் அது 52. தேவனை ஆய்வுக்கூடத்தில் வைத்து அளக்க முடியும் என்று நான் நம்பவில்லை. ஆனால் முகம் தெரியாதவர் ஜெபிக்கிறார் என்ற செய்தி தனியாக வந்தால் அது ஒருவரைப் பதறவும் வைக்கலாம் என்ற ஊகத்தைத் தள்ளிவிட முடியாது. அந்த ஜெபத்தில் கையைப் பிடிக்க யாரும் இல்லை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது மாத்திரையை நிறுத்தச் சொல்வது. விசுவாசத்தின் அடையாளமாக மருந்தைத் தூக்கி எறிந்தேன் என்ற சாட்சிக்குக் கைதட்டல் கிடைக்கும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பத்துப் பேரில் ஒருவராவது வீட்டுக்குப் போய் அதையே செய்வார். பதற்றத்துக்கான மருந்துகள் பலவும் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் எடுக்கும், திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது. தைராய்டு கூடினாலும் இரத்தம் குறைந்தாலும் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பினாலும் இதே படபடப்பு வரும். ஜெபித்து எண்ணெய் பூசுவதற்கு முன்பு ஓர் இரத்தப் பரிசோதனை எடுத்திருக்க வேண்டியவர்கள் பலர். மறுபக்கம், மருந்துக் கடையில் சீட்டில்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் பழகிப்போனவர்களும் இருக்கிறார்கள். அதுவும் சிகிச்சை ஆகாது.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்தார்கள். நம்பிக்கைத் தலம் என்று அழைத்து வரப்பட்டவர்கள். அது ஒரு சமயத்தின் குற்றம் என்று சொல்லித் தப்பிக்க எந்தச் சமயத்தாருக்கும் உரிமையில்லை. பூட்டிய அறையில் வைத்துப் பிசாசு விரட்டும் ஜெப வீடுகளும் உண்டு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை முற்றாகத் தடை செய்கிறது. சட்டம் இருப்பதை ஒவ்வொரு சபையின் மூப்பரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

விசுவாசமும் மருத்துவமும் கைகோத்த பாதையும் தமிழ்நாட்டிலேயே உண்டு. வேலூர் பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்தை 1957இல் தொடங்கியவர் கனடாவிலிருந்து மிஷனரியாக வந்த மனநல மருத்துவர் ஃப்ளோரன்ஸ் நிக்கல்ஸ். நோயாளியோடு குடும்பத்தாரும் கூடத் தங்கிப் பராமரிப்பதே அந்த மையத்தின் முறை. நோயாளியைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாது. சூரைச்செடியின் கீழ் எலியாவுக்குக் கிடைத்த அதே துணை அங்கே மருத்துவமனை விதியாகவே ஆகிவிட்டது. கோனிக்கும் நண்பர்களும் 2015இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், நீண்டகால நோயோடு மனச்சோர்வும் இருந்த 132 பேருக்கு இரண்டு விதமாக எண்ணச் சீரமைப்புச் சிகிச்சை கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறை, இன்னொரு பிரிவினருக்கு அவரவர் வேதத்தையும் ஜெபத்தையும் சேர்த்த முறை. இரண்டும் ஏறத்தாழ சமமாகவே பலன் தந்தன. வசனத்தோடு சிகிச்சை எடுத்தால் பலன் குறையும் என்ற பயம் வேண்டாம் என்பது அதில் நான் காணும் நல்ல செய்தி. கோவாவில் விக்ரம் பட்டேலும் குழுவினரும் நடத்தி 2010இல் வெளியான ஆய்வு, மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களைப் பயிற்றுவித்து ஆரம்பச் சுகாதார நிலையங்களில் வைத்தபோது மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்கள் தேறினார்கள் என்று காட்டியது. பயிற்சி பெற்ற சாதாரண ஆள் என்றால் நம் சபைகளில் அவருக்குப் பழைய பெயரே உண்டு. வீடு வீடாகப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து வேதம் வாசித்த வேதாகம ஸ்திரீகள் சென்ற நூற்றாண்டில் இந்த வேலையைத்தான் செய்தார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் இன்று தெருவாரியாகக் கூடும் அன்பியங்கள் அதைச் செய்ய முடியும், சில இடங்களில் செய்தும் வருகின்றன.

கத்தோலிக்க மரபிலிருந்து இன்னும் இரண்டு விஷயங்கள். 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்த ராபர்ட் தெ நொபிலி, இயேசு சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், மனம் இருண்டு வறண்டு கிடக்கும் நாட்களில் முன்பு தெளிவோடு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்று ஒரு விதி வகுத்தார். பயத்தின் உச்சத்தில் நிலத்தை விற்கவோ வேலையை விடவோ உயிரை விடவோ துணிபவருக்கு இதைவிட உதவும் ஆலோசனை குறைவு. இரண்டாவது, கடன் தாங்காமல் உயிர்விட்டவரின் அடக்கம். தற்கொலை செய்தவருக்குச் சடங்கு மறுப்பது நெடுங்கால வழக்கம். 1983இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அடக்கம் மறுக்கப்படுவோர் பட்டியலிலிருந்து அவர்களை எடுத்துவிட்டது. 1992இல் வந்த மறைக்கல்வி ஏடு, கடும் மன வேதனை ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் சொல்கிறது. சில சபைகளில் இன்றும் இப்படிப்பட்ட வீட்டுக்குப் பாஸ்டர் போகத் தயங்குகிறார். எஞ்சியிருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வாரம்தான் பயம் உச்சத்தில் இருக்கும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? பெரிதாக ஒன்றும் இல்லை. டெலி-மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416 அக்டோபர் 2022 முதல் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். வசன அட்டை தொங்கும் அதே பலகையில் அந்த எண்ணையும் எழுதலாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை போகிறவருக்கு அந்த வராந்தாவில் உட்காருவதே வெட்கமாக இருக்கும், ஜெபக் குழுவிலிருந்து ஒருவர் கூடப் போகலாம். சங்கீதம் 88ஐ ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாக வாசித்து, உடனே ஆறுதல் சொல்லிவிடாமல் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கலாம். லைனுக்குப் போன வண்டிக்காரர்களின் மனைவிமார் ஒரு மாலைப் பொழுதில் ஒன்றாகக் கூடலாம்.

கடைசியாகப் பாஸ்டர்களைப் பற்றி. சி.எஸ்.ஐ. ஆயருக்கும் பங்குத் தந்தைக்கும் சம்பளமோ வீடோ மேலே ஒரு திருமண்டலமோ மறைமாவட்டமோ உண்டு. மதுரையில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி போன்ற இடங்களில் ஆலோசனை ஊழியம் பற்றிப் படித்தவர்களும் அவர்களில் இருக்கிறார்கள். தகரக் கூரை போட்ட வாடகைக் கட்டடத்தில் முப்பது நாற்பது பேரோடு சபை நடத்தும் சுயாதீனப் பாஸ்டருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. காணிக்கை குறைந்தால் வாடகை நிற்கும். ஆராதனைக்கு எதிர்ப்பு வந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு அவர்தான் போக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்கு வரும் போனை அவர்தான் எடுக்க வேண்டும். எல்லோருடைய ஜெபக் குறிப்பும் அவர் பையில் இருக்கிறது, அவருடைய குறிப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. தனக்கும் தூக்கம் வரவில்லை என்று சபையில் சொன்னால் விசுவாசிகள் கலைந்துவிடுவார்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு. ராசிபுரம், சங்ககிரி, ஆத்தூர் என்று தாலுகாவுக்குத் தாலுகா பாஸ்டர்கள் ஐக்கியக் கூட்டம் மாதாமாதம் கூடுகிறது, கன்வென்ஷன் தேதி குறிக்கவும் நோட்டீஸ் அடிக்கவும். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை அவர்கள் ஒருவர் பாரத்தை ஒருவர் கேட்பதற்கென்று ஒதுக்கட்டும். அரசு மருத்துவமனை மனநல மருத்துவரை வருடத்துக்கு ஒருமுறை அழைத்து, எந்த அறிகுறி கண்டால் ஆளை அன்றைக்கே அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்ளட்டும்.